ஒரு நம்பர்ல போச்சு

உக்காரு அம்மிணி, உக்காரு. இரு, இந்தப் பைய மடியில வெச்சுக்கறேன். தேங்காபன்னுதான் உள்ள. பழனி பஸ்ஸுக்கா நிக்கறே? இப்பத்தான் ஒண்ணு போச்சு, அடுத்தது வரச் சித்தெ நேரமாவும். நானா? நான் பஸ்ஸுக்கு இல்ல. என்ற ஊட்டுக்காரரு வருவாரு, அவருக்காக உக்காந்திருக்கறேன்.

எதுக்கால கோபாலபுரம்னு போர்டு போட்டிருக்குதே, அதப் பாத்துட்டு உக்காந்திருக்கறேன்னு நெனச்சுக்காதே. இங்கதான் ஃபேன் ஓடுது, அதனால உக்காந்தேன். அவரு அந்தப் பக்கமிருந்து வர மாட்டாரு. பேங்க் இந்தப் பக்கம், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலயே. காலையில போனாரு, டிடி எடுக்கறதுக்கு. எம் பொண்ணு மோகனாவுக்கு நர்சிங் காலேசுல எடம் கெடச்சிருக்குது. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள பணங் கட்டோணும். இல்லாட்டி அந்த எடத்த அடுத்த புள்ளைக்குக் குடுத்துருவாங்களாம். அவ விடிஞ்சதும் போயி காலேசு ஆபீசு வாசல்ல உக்காந்துட்டா. நாங்க ரெண்டு பேரும் டிடியோட போய்ச் சேரணும். உன்ற போன்ல மணி என்ன ஆவுது? மூணேகாலா? அட, அப்ப நெறய நேரம் கெடக்குது.

போய்ப் பாக்கறதா? பேங்குக்கா? நல்லாச் சொன்னே போ! போய் எட்டிப் பாத்தா நம்பலைன்னு ஆயிராதா? நம்பறேன்னு சொல்லித்தானே பணத்தக் கையில குடுத்தேன். போன் அடிச்சுப் பாத்தேன், சுவிச் ஆஃப்னு வருது. அந்தப் போன்ல சார்ஜே நிக்கறதில்ல, பழைய போனு. பேங்க்ல கூட்டமா இருக்கும். இல்லாட்டி அந்தச் சலான எழுதத் தெரியாம யாரையாச்சும் கேட்டுட்டு நிப்பாரு. வந்துருவாரு.

அது என்ன கோபாலபுரம்னு கேக்கறியா? நீ இந்தப் பக்கத்துப் புள்ளையில்லையா? நம்மூர்ல லாட்டரி நிறுத்திப் பல வருசமாச்சுல்ல. கோபாலபுரத்துல எறங்கி நாலெட்டு நடந்தா கேரளா. அங்க வரிசையா லாட்டரிக் கடைதான். கருக்கல்ல நம்மாளுக கோயலுக்குப் போறவங்களாட்டம் குளிச்சு, விபூதி பூசிட்டு பஸ் ஏறுவாங்க. மூணு மணிக்கு ரிசல்ட்டு. அதப் பாத்துட்டு அடுத்த பஸ்ஸுல எழவு ஊட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி வந்து எறங்குவாங்க. என்ற ஊட்டுக்காரரும் அப்படி இருந்தவருதான். இருந்தவருன்னு சொல்றேன், கேட்டுக்கோ. இப்ப இல்ல.

ஆளு தங்கமான ஆளு அம்மிணி. குடி கெடையாது, பீடி கெடையாது. தேங்கா லோடு அடிக்கற வண்டி ஓட்டறாரு. ஆனா காசு கையில வந்தா, அந்தக் காலு தானா இந்தப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துரும். ஒரு நாள் பொழுதோட பை நெறயத் தேங்காபன்னு வாங்கிட்டு வந்தாரு. நாங்க லைன் ஊட்டுல குடியிருக்கறோம், எட்டு ஊட்டுக்கும் குடுத்தாரு. நானும் என்னமோ விழுந்துருச்சாக்கும்னு ஓடிப்போயி சாமி படத்துக்கு வெளக்கேத்தி வெச்சுட்டேன். அப்பறம் பாத்தா, கடைசி நம்பரு ஏழு வரோணும், இவரு சீட்டுல எட்டு. மத்ததெல்லாம் சரி. ஒரு நம்பர்ல போச்சு. அதுக்குத்தான் பன்னு! ஏனுங்க, போனதுக்கு எதுக்குங்க பன்னு வாங்கிக் குடுக்கறீங்கன்னு கேட்டா, "அடி கூறு கெட்டவளே, எவ்வளவு பக்கத்துல வந்துட்டேன் பாத்தியா"ங்கறாரு. மொகத்துல அப்படியொரு சந்தோசம். எனக்குத் தலையில அடிச்சுக்கறதா, சிரிக்கறதான்னு தெரியல. பன்னத் தின்னுபோட்டுப் படுத்துட்டேன்.

நிறுத்துங்கன்னு சொன்னா ஒரு நாயம் வெச்சிருந்தாரு. "இத்தன வருசமாப் போட்டிருக்கறேன். இப்பப் போயி விட்டா, போட்டதெல்லாம் வீணாப் போயிருமே"ம்பாரு. கேட்டியா நாயத்த? கெணத்துல போட்டதுக்குக் காவலுக்கு இன்னொண்ணப் போடறதாம். சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு வலிக்கும். அழுத நாளும் இருக்குது, அத விடு.

நான் தேங்கா நார் மில்லுல வேல செய்யறேன். எங்க ஓனரம்மாதான் சொன்னாங்க, கோயமுத்தூருல ஒரு ஆசுபத்திரியில இதுக்குன்னே ஒரு டாக்டரம்மா இருக்குதுன்னு. நிரஞ்சனான்னு பேரு. பாக்கறதுக்குச் சின்னப் புள்ளையாட்டம் இருக்குது, ஆனா படிப்பு பெரிய படிப்பு. அது சொல்லுச்சு, "இது கெட்ட புத்தி இல்லைங்க, மூளையில ஒரு எடம் காசப் பாத்துப் பழகிப் பழகி வேற மாதிரி ஆயிருது. நாங்க அத மிசின்ல போட்டுப் பாத்து ஆராய்ச்சி பண்றோம், நீங்களும் வரீங்களா"ன்னு. வந்தாக் காசும் குடுப்பாங்களாம். காசுன்ன உடனே இவரு சட்டையக் கழட்டறதுக்குத் தயாராயிட்டாரு.

இதுல கூத்தைக் கேளு. இவராட்ட ஆளுங்க மூளையோட ஒத்துப் பாக்கறதுக்கு, அந்தப் பழக்கமே இல்லாத ஆளுங்க கொஞ்சம் பேரு வேணுமாம். "நீங்க லாட்டரி, சீட்டாட்டம் ஏதாச்சும் ஆடுவீங்களா?"ன்னு என்னயக் கேட்டாங்க. ஏஞ்சாமி, நான் தாயமே ஆட மாட்டேன்னு சொன்னேன். அப்ப நீங்களும் படுங்கன்னுட்டாங்க. ஆக, புருசனும் பொண்டாட்டியும் ஒரே நாள்ல மூளைய எடுத்துக் காட்டிட்டு வந்த சோடி, இந்தப் பொள்ளாச்சித் தாலூக்காவுலயே நாங்க மட்டுந்தான்.

அது ஒரு சொரங்கமாட்டம் இருக்குது. உள்ள தள்ளி உட்டுருவாங்க. ஒடம்புல ஒரு பொட்டு நகை இருக்கக் கூடாதாம். மத்தவங்களுக்கெல்லாம் வளையலு, தோடு, தாலிக்கொடின்னு கழட்டறதுக்கே நேரமாவுமாம். எனக்கு என்ன இருக்குது? மஞ்சக் கயித்துல மஞ்சக் கெழங்கு கட்டியிருந்தேன், காதுல வேப்பங்குச்சி. நர்சுப் புள்ள பாத்துட்டு, "அட, உங்களுக்கு ஒண்ணுமே கழட்ட வேண்டியதில்லீங்களே, சீக்கிரம் முடிஞ்சிரும்"னு சொல்லுச்சு. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு.

உள்ள படுத்தா டொக்கு டொக்குன்னு ஒரே சத்தம். கண்ணுக்கு நேரா ஒரு டிவி. அதுல மூணு கட்டம். மாம்பழம், மணி, பூவுன்னு படம் சுத்திட்டே இருக்கும். பொத்தான அமுக்கினா ஒண்ணொண்ணா நிக்கும். மூணும் ஒரே படமா வந்தாக் காசு. நெசக் காசு, வெளிய வந்ததும் கையில குடுத்துட்டாங்க. சிலசமயம் ரெண்டு மாம்பழம் வந்துரும், மூணாவது மாம்பழமும் வந்து நிக்கற மாதிரி வந்து, இத்தனூண்டு நகுந்து மணியில போயி நின்னுரும். நான் என்ன பண்ணினேன் தெரியுமா? அட போன்னுட்டு அடுத்தத அமுக்கினேன். கொஞ்ச நேரத்துல தூக்கமே வந்துருச்சு.

அடுத்த வாரம் கூப்புட்டு உட்டாங்க. கம்ப்யூட்டர்ல ரெண்டு மூளையவும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினாங்க. கல்யாண போட்டோவாட்டம் இருந்துச்சு, இடது பக்கம் அவரு, வலது பக்கம் நானு. நடு மூளைக்குள்ள ஒரு பொட்டு எடம் இருக்குதாம், நெலக்கடலப் பருப்புக் கணக்கா. ஏதாச்சும் நல்லது நடந்தா அது மினுக்குமாம். எனக்குக் காசு விழுந்தப்ப அது மினுக்கியிருக்குது, விழாதப்ப அணைஞ்சிருச்சு. "இதுதாங்க சாதாரணமா நடக்கறது, உங்களுது நல்லா இருக்குது"ன்னு சொன்னாங்க. அந்தப் படத்த நான் கேட்டு வாங்கி லேமினேசன் போட்டு வெச்சிருக்கறேன். மில்லுல எல்லாத்துக்கும் காட்டியாச்சு. என்ற மூளை நல்ல மூளைன்னு கோயமுத்தூரு டாக்டரே சொல்லியிருக்குது, இனி எந்த மாமியாரு என்ன சொன்னா என்ன?

அவரோடதுதான் வேடிக்கை. நெசமாவே காசு விழுந்தப்ப அந்தப் பருப்பு மங்கலாத்தான் எரியுதாம். அட அவ்வளவுதானான்னு இருக்குமாம் அதுக்கு. ஆனா கட்டம் சுத்திட்டு இருக்கறப்ப, வருமா வராதான்னு இருக்குது பாரு, அப்ப மாரியம்மன் நோம்பிக்குக் கட்டற சீரியல் லைட்டாட்டம் எரியுது. அதவிட, அந்த மூணாவது மாம்பழம் நகுந்து போச்சுன்னு சொன்னேனே, அப்பவும் எரியுது! தோத்ததுக்கு எரியுது அம்மிணி! "பக்கத்துல வந்து தப்பிப் போனா, இவரு மூளை அதத் தோல்வின்னே எடுத்துக்கறதில்லீங்க. கிட்டத்தட்ட செயிச்ச மாதிரியே எடுத்துக்குது. அதனாலதான் திரும்பத் திரும்பப் போகச் சொல்லுது"ன்னு டாக்டரம்மா வெளக்குச்சு. எனக்கு உடனே அந்தத் தேங்காபன்னு ஞாபகம் வந்துருச்சு. கூறு கெட்ட மூளை, தோத்துப்போட்டுப் பன்னு வாங்கிக் குடுக்குது!

சோறு, பிரியாணி இதெல்லாமும் படமாக் காட்டியிருப்பாங்களாட்ட இருக்குது. அதுக்கெல்லாம் அவரோடது தூங்குதாம், காசுக்கு மட்டுந்தான் முழிச்சுக்குதாம். நான் மெதுவாக் கேட்டேன், "என்ற போட்டோ எதும் காட்டினீங்களா?"ன்னு. டாக்டரம்மா சிரிச்சுட்டு, "இல்லீங்கக்கா, இந்த ஆராய்ச்சியில அது இல்ல"ன்னு சொல்லுச்சு. அதுவும் நல்லதாப் போச்சுன்னு வந்துட்டேன்.

வைத்தியம் இருக்குதுன்னுதான் சொன்னாங்க. மாத்தர குடுத்தாங்க, வாரா வாரம் பேசறதுக்கு வரச் சொன்னாங்க. ரொக்கமாக் கையில காசு குடுக்கவே கூடாது, கொஞ்ச நாளைக்கு வரவு செலவெல்லாம் நீங்களே பாத்துக்கங்கன்னு என்னயத் தனியாக் கூப்புட்டுச் சொன்னாங்க. அப்பறம், ஊட்டுல இருக்கறவங்களுக்கும் தனியா ஒரு வகுப்பு இருக்குது, நீங்களும் வந்து உக்காருங்கக்கான்னாங்க. எனக்கு எதுக்கு அதெல்லாம்? நல்லா இருக்கற மூளைக்கு எவனாச்சும் வைத்தியம் பாப்பானா?

ஆனா திருந்திட்டாரு அம்மிணி. கிட்டத்தட்டத் திருந்திட்டாரு. ஆனைமலை மாசாணியம்மன் கோயலு போயிருக்கறியா? அங்க நீதிக்கல்லு இருக்குது. நமக்கு அநியாயம் பண்ணினவங்களுக்காக மொளகா அரைச்சு அதுல பூசுவாங்க. லாட்டரிக் கடக்காரனுக்குன்னு நான் அரைக்கப் போனேன். இவரும் கூட வந்தாரு. "தள்ளு, உனக்குக் கை எரியும்"னு அவரே வாங்கி அரைச்சாரு. இவரு குடிய இவரே கெடுத்துட்டு, கடக்காரனுக்கு இவரே மொளகா அரைச்ச கூத்து எங்கியாச்சும் உண்டா? ஆனா அரைச்சு முடிச்சு, இனிமேப்பட்டு தொண்ணூறு நாளைக்கு அந்தத் தெசைக்கே போறதில்லைன்னு அம்மன் முன்னால சத்தியம் பண்ணினாரு. தொண்ணூறு நாள்ல கேட்டது நடந்தா, திரும்பிப் போயி நீதிக்கல்லுக்கு எண்ணெக் காப்பு சாத்தோணும். நான் எண்ணெய்கூட வாங்கி வெச்சுட்டேன். எண்பத்தொன்பது நாள் இருந்தாரு. எண்பத்தொன்பது! ஒரே ஒரு நாள்ல போச்சு. எங்கண்ணன் குதிக்கறான், பாத்தியா உன்ற புருசன் லட்சணத்தன்னு. நான் சொன்னேன், டேய், எண்பத்தொன்பது நாள் இருந்த மனுசனுக்குத் தொண்ணூறு இருக்கத் தெரியாதா, எவ்வளவு பக்கத்துல வந்துட்டாரு பாருன்னு. அன்னைக்கு ஊட்டுல கேசரி கிண்டினேன்.

அதே மாதிரிதான் ஆசுபத்திரி வகுப்பும். எல்லாத்துக்கும் போனாரு, கடைசி ஒண்ணுக்குத்தான் போகல. அன்னைக்கு லோடு இருந்துச்சுன்னாரு. லோடு எங்க போச்சுன்னு நானும் கேட்டுக்கல.

எங்கண்ணனுக்குப் பொறுமை இல்ல. "புள்ளையக் கூட்டிட்டு வந்துரு, எங்கூட்டு மேல் மாடி சும்மாத்தான் கெடக்குது"ங்கறான். எப்படி வர்றது? இருபது வருசம் இந்த மனுசனோட பாடுபட்டிருக்கறேன். இப்ப, திருந்தப் போற நேரத்துல விட்டுட்டு வந்தா, பட்டதெல்லாம் வீணாப் போயிருமே. அவனுக்கு அது புரியறதில்ல. நாளைக்கே இவரு நல்லாயிட்டாருன்னு வெச்சுக்கோ, நான் அப்ப மாடியில உக்காந்திருந்தா எப்படி இருக்கும்?

இன்னைக்குக் காலையில இந்தப் பணத்த நானே கொண்டு போயிருக்கலாம். மோகனா அப்படித்தான் சொன்னா. நான் நார் மில்லுல சீட்டுப் போட்டு எடுத்த பணம், அவ படிப்புக்குன்னே வெச்சிருந்தது. "அம்மா, நீயே பேங்குக்குப் போ, அப்பா கையில குடுத்தராதே"ன்னு போறப்ப வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போனா. ரெண்டு தடவ சொன்னா. நானும் சரின்னுதான் சொன்னேன். அவ தல மறைஞ்சதும் இவரு வந்து பக்கத்துல உக்காந்தாரு. ஒண்ணுமே கேக்கல அம்மிணி. எம்பட பொண்ணுக்குப் பணம் கட்டறதுக்கு என்னய நம்ப மாட்டியான்னு ஒரு பார்வ பாத்தாரு, அவ்வளவுதான். எனக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ குபீர்னு வந்துச்சு பாரு. இந்தத் தடவ நடந்துரும், கட்டிட்டு ரசீதோட வந்து நிப்பாரு, எங்கண்ணன் மொகம் எப்படிப் போகும்னு எல்லாமே கண்ணுல வந்துருச்சு. கை தானா முந்தானையில இருந்து எடுத்துக் குடுத்துருச்சு. அவரு கண்ணு கலங்கிப் போச்சு. அந்த மொகத்தப் பாக்கறதுக்கே எத்தன தடவ வேணா குடுக்கலாம். டிடி எடுத்துட்டு பதினோரு மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தறேன், ஒட்டுக்காப் போலாம்னு சொல்லிட்டுத்தான் போனாரு. நான் நேரா பேக்கரிக்குப் போயி இந்தப் பன்ன வாங்கிட்டேன். பணங் கட்டினதும் அங்கியே ஆபீசுல எல்லாத்துக்கும் குடுக்கலாம்னு.

இரு, போன் அடிக்குது. மோகனாதான்.

சொல்லு கண்ணு... ஆமா, பஸ் ஸ்டாண்டுலதான்... வந்துருவாரு... பேங்க்ல கூட்டம் கண்ணு... இல்ல, நான் பாக்கல... எதுக்குடி கத்தறே? ஆமா, அவருகிட்டதான் குடுத்தேன். குடுத்தா என்ன? உங்கப்பன்தானே?... அழுகாதே. மோகனா, அழுகாதே சாமி. அஞ்சு மணிக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்குது. அந்த ஆபீசரம்மாகிட்ட வந்துட்டே இருக்காங்கன்னு சொல்லு. வெச்சறேன்.

சின்னப் புள்ளைக்குப் பொறுமை இல்ல. எல்லாம் எங்கண்ணன் புத்தி.

நீ ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம் அம்மிணி, உன்ற மொகமே சொல்லுது. பேங்க் நாலு மணிக்குச் சாத்திருவாங்கன்னு எனக்கும் தெரியும். அவரு உள்ளதான் இருப்பாரு. உள்ள இருக்கறவங்கள வெளிய தள்ளிச் சாத்த மாட்டாங்கல்ல?

அட, கோபாலபுரம் பஸ்ஸு வருது. இந்நேரத்து பஸ்ஸு ரிசல்ட்டு பாத்துட்டு வர்றவங்க பஸ்ஸு. எறங்கறவங்க மொகத்தப் பாரேன், ஒருத்தனாச்சும் சிரிக்கறானா? பாவம், எவ எவ தாலிக்கொடியோ. நான் சும்மாத்தான் பாக்கறேன்.

அய்யோ!

அம்மிணி, அந்த நீலக் கட்டம் போட்ட சட்ட! பின்னால எறங்கறாரே! இந்தப் பையப் புடி, புடி. ஏனுங்க! ஏனுங்க, இங்க! இங்கெ!

இல்ல.

இல்ல அம்மிணி, வேற யாரோ. திரும்பினாரு, மீசையே இல்ல. ஆனா நட பாத்தியா, அச்சு அசல் அவரேதான். அந்தச் சட்ட, அந்தத் தோளு, தலைய அப்படி ஒரு பக்கமாச் சாச்சுட்டு எறங்கறது. ஒரு நிமிசம் அவரேன்னு நெனச்சுப்போட்டேன். நெஞ்சு டொக்கு டொக்குன்னு அடிக்குது, அந்த மிசினாட்டம். உசுரே வந்த மாதிரி இருந்துச்சு போ!

எதுக்கு அப்படிப் பாக்கறே? அவரு இந்த பஸ்ஸுல வரலைன்னா நல்லதுதானே? அப்ப கோபாலபுரம் போகலைன்னுதானே அர்த்தம்? பேங்க்லதான் இருக்காரு. நான் சொன்னேன்ல. எனக்கு இப்பத்தான் மனசு தெம்பா இருக்குது. இந்தா, ஒரு பன்னு எடு. அட, எடுங்கறேன்ல, காலேசுக்கு மிச்சம் இருக்குது. நானும் ஒண்ணு திங்கறேன், காலையில இருந்து பச்சத் தண்ணி குடிக்கல.

உன்ற பழனி பஸ்ஸு வந்துருச்சாட்ட இருக்குதே. போகலையா? எனக்காகவா நிக்கறே? நல்ல புள்ள. என்ன, நீயும் கூட வர்றேன், பேங்க்ல போய்ப் பாக்கலாம்னு சொல்றியா? போலாம், போலாம்.

பாரு, மறுக்கா போன் அடிக்குது. அவதான். மணி நாலா ஆச்சு? அதுக்குள்ளயா?

சித்தெ இரு அம்மிணி. அங்க வளைவுல இன்னொரு கோபாலபுரம் பஸ்ஸு திரும்புது பாரு. போன் அடிக்கட்டும். இந்த ஒரு பஸ்ஸ மட்டும் பாத்துட்டு எடுக்கறேன்.